பழகிவிட்ட உடம்பு

ஐதராபாத்தின் தார்நாகாவில் ஆய்வு மாணவியாக இருந்த ஆறு வருடத்தில் நான் அதிகம் கேட்ட தெலுங்கு வாக்கியம் "அலவாட்டு அயிப்போயிந்தி". பழகிப்போச்சு என்று அர்த்தம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் லேபுக்கு வருகிறாயே, பசிக்காதா என்று கேட்டால் இதுதான் பதில். ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்திருக்கிறாயே, கண் எரியாதா என்றாலும் இதே பதில். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்திருந்த நாங்கள் அதையே தமிழில் சொன்னோம். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும். உடம்பை ஜெயித்துவிட்ட பெருமை.

பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பியவர்களிடம், லட்சியத்தையும் உடம்பையும் சமமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது வழக்கம். சொல்கிறவர்கள் மனதில் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் வேலை, மறு தட்டில் உடம்பு. எது தாழ்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் போட வேண்டும். எனக்கு அந்தத் தராசின் மேல்தான் சந்தேகம். உடம்பு பழகிப்போனவருக்கு இரண்டாவது தட்டின் எடை தெரிவதில்லை. அது காலியாகி வெகுநாள் ஆன பிறகும் நிறைந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். இதை நான் கற்றுக்கொண்டது தன்னம்பிக்கைப் புத்தகங்களிலிருந்து அல்ல. என் விடுதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து.

தார்நாகாவிலிருந்து உப்பல் போகும் சாலையில் ஆராய்ச்சி நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன: இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், ஹப்சிகுடாவில் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி., புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம். இன்னொரு பக்கம் உஸ்மானியா பல்கலைக்கழகமும் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும். உஸ்மானியா வளாகத்தை ஒட்டி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், என்.ஐ.என். என்று எல்லோரும் சொல்வது. இது தமிழ்நாட்டில் பிறந்த நிறுவனம். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஒரு அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மக்காரிசன் தொடங்கியது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. இப்போதைய பெயர் வந்தது 1969இல்.

குன்னூரில் மக்காரிசன் செய்த ஒரு சோதனை தமிழர்களுக்கு உறைக்க வேண்டியது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் முதலிடத்தில் வந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய மதராசி சாப்பாட்டு எலிகள் கடைசி. அந்தக் கடைசி எலியைத் தனியாகப் பார்த்திருந்தால், சின்ன எலி, அவ்வளவுதான் என்று தோன்றியிருக்கும். மற்றதன் பக்கத்தில் வைத்தபோதுதான் அது எதை இழந்திருக்கிறது என்று தெரிந்தது.

குன்னூர் அறை திறந்த அதே 1918இல், நவம்பர் 29 அன்று, சேலத்தில் பிறந்தவர் சி. கோபாலன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, குன்னூர் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அதனோடு தார்நாகாவுக்கு வந்து, அதன் இயக்குநராகி, 1974இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். 2019 அக்டோபரில், நூறு வயது கடந்து, சென்னையில் மறைந்தார். தமிழில் அவரைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

கோபாலனைப் பல வருடம் பிடித்து வைத்திருந்தது ஒரு கேள்வி. கடுமையான சத்துக்குறைவில் குழந்தைகளுக்கு இரண்டு வகை நோய் வரும். ஒன்றில் குழந்தை எலும்பும் தோலுமாக வற்றிவிடும், அது மராஸ்மஸ். இன்னொன்றில் கை கால் முகம் எல்லாம் நீர் கோத்து வீங்கும், அது குவாஷியோர்கர். மேற்கு ஆப்பிரிக்காவின் கா மொழியில் அந்தப் பெயருக்கு, அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். தாய்ப்பால் தவறிய பிள்ளையை நாம் சவலைப் பிள்ளை என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே பிள்ளைதான். முதல் நோய் கலோரிக் குறைவால் வருகிறது, இரண்டாவது புரதக் குறைவால் வருகிறது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தது. கோபாலன் ஒரே மாதிரி வீடுகளில், ஒரே மாதிரி குறைந்த சாப்பாட்டில், ஒரு குழந்தை வற்றுவதையும் இன்னொன்று வீங்குவதையும் பார்த்தார். சாப்பாட்டில் வித்தியாசம் இல்லை. உடம்பு அதற்குப் பழகிய விதத்தில்தான் வித்தியாசம் என்றார். வற்றிய குழந்தையின் உடம்பு தன் தசையையே கரைத்து ஈரலுக்குக் கொடுக்கிறது. அதனால் ரத்தத்தில் ஆல்புமின் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது, வீக்கம் வருவதில்லை. பழக முடியாத உடம்பு வீங்குகிறது.

அதாவது மராஸ்மஸ் குழந்தைதான் வெற்றிகரமாகப் பழகிக்கொண்ட குழந்தை. அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் யாரும் வெற்றி என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள்.

1980களின் தொடக்கத்தில் இந்தப் பழகுதல் ஒரு கொள்கைச் சண்டையாக வெடித்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டேவிட் செக்லர் ஒரு கருதுகோளை வைத்தார்: குறைந்த உணவில் வளர்ந்து உருவத்தில் சிறுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் இல்லை, அவர்கள் சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள். உடம்பு தன் தேவையைத் தானே கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளும் என்று புள்ளியியல் மேதை பி.வி. சுகாத்மேயும் வாதிட்டுக்கொண்டிருந்தார். கேட்பதற்கு இதமான வாதம். பசித்தவர்களின் எண்ணிக்கையைக் காகிதத்திலேயே குறைத்துவிடும். கோபாலன் 1983இல் இதற்குக் கடுமையாகப் பதில் எழுதினார். சிறுத்திருப்பதே ஆரோக்கியம் என்றால் அது ஏழைக்கு மட்டும் ஏன், பணக்காரருக்கு ஏன் இல்லை என்பது அவருடைய கேள்வி. குழந்தை பிழைத்திருக்கிறது என்பது ஒரு தகவல். அது நலமாக இருக்கிறது என்பது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைச் சொல்லக் கூடாது. பழகுவதற்கு உடம்பு ஒரு விலை கொடுத்திருக்கிறது. அந்த விலையை எண்ணிப் பார்க்காமல் ஆரோக்கியம் என்று பெயர் வைக்கக் கூடாது.

பட்டினிக் குழந்தையின் கதையை எடுத்து, மூன்று வேளை மெஸ் இருக்கும் ஆய்வு மாணவர்களுக்குப் பொருத்துவது நியாயமா என்று நான் தயங்கியதுண்டு. இரண்டு துன்பங்களும் ஒன்றல்ல. குழந்தைக்குத் தேர்வு இல்லை. எங்களுக்கு ஓரளவாவது இருந்தது. ஆனால் பழகிவிட்டேன், ஆகவே நன்றாக இருக்கிறேன் என்ற வாதத்தின் கட்டமைப்பு ஒன்றுதான். செக்லர் ஏழைகளைப் பற்றிச் சொன்னதை நாங்கள் எங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டோம்.

தூக்கத்தில் இது துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது. 2003இல் வான் டோங்கனும் டிங்கஸும் சகாக்களும் பென்சில்வேனியாவில் செய்த சோதனையில் 48 ஆரோக்கியமான பெரியவர்கள் பங்கேற்றார்கள். 14 நாட்கள் சிலருக்கு நாளுக்கு 8 மணி நேரத் தூக்கம், சிலருக்கு 6, சிலருக்கு 4. கவனம், நினைவு, வேகம் எல்லாம் தினமும் சோதிக்கப்பட்டன. ஆறு மணி நேரக்காரர்களின் திறன் நாளுக்கு நாள் சரிந்தது. இரண்டு வாரத்தில், தொடர்ந்து ஓரிரு இரவு கண்மூடாமல் இருந்தவர்கள் எந்த அளவில் தடுமாறுவார்களோ அந்த அளவுக்கு வந்துவிட்டார்கள். தூக்கமாக இருக்கிறதா என்று அவர்களையே கேட்டபோது வந்த பதில்தான் என்னை உலுக்கியது. முதல் சில நாட்கள் அசதி கூடியதாகச் சொன்னார்கள். அதன் பிறகு பெரிய மாற்றம் இல்லை என்றார்கள். திறன் விழுந்துகொண்டே இருந்தது. விழுகிறோம் என்ற உணர்வு மட்டும் நின்றுவிட்டது.

பசிக்கும் இப்படித்தான். தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பசி அடங்குகிறது. சாப்பிடாமலே நேரம் தாண்டிவிட்டால் பசி செத்துப்போகிறது. எங்கள் வீட்டில் பாட்டி இரண்டையும் ஒருபோதும் மாற்றிச் சொல்ல மாட்டார். பசி செத்துப்போச்சு என்று சொன்னால், அவர் முகத்தில் கவலை வரும். உடனே மோர் கரைப்பார். ஆறு வருடத்தில் முதல் சில வருடம் அந்தச் செத்துப்போன பசியை அடங்கிய பசி என்று நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ராத்திரி அம்மா போன் பண்ணுவாள். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேம்மா." அந்தப் பதிலில் பாதி நாள் உண்மை இருக்காது, ஆனால் பொய் சொல்கிறோம் என்ற உறுத்தலும் இருக்காது. பசிக்கவில்லையே!

என் கணக்கு ஒரு ரத்ததான முகாமில் உடைந்தது. நான்காவது வருடம். நண்பர்களோடு போய் வரிசையில் நின்றேன். விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த நர்ஸ், இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. "நீங்களே யாரிடமாவது ரத்தம் வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள்" என்றார் தெலுங்கில், அதட்டலாக இல்லாமல், மெதுவாக. எப்படி நடமாடுகிறீர்கள் என்றும் கேட்டார். எனக்கு வாயில் வந்த பதில் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்னாளில் இந்தப் பழகுதலின் இயக்கத்தைப் படித்தேன். ரத்தம் ஒரேயடியாகக் குறைந்தால் ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தால் உடம்பு ஈடுகட்டுகிறது. இதயம் கூடுதலாக அடிக்கிறது. சிவப்பணுக்களுக்குள் டி.பி.ஜி. என்ற பொருள் கூடி, இருக்கிற கொஞ்சம் ஹீமோகுளோபினும் தன் ஆக்சிஜனைத் திசுக்களுக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் மாடி ஏற முடிகிறது, நள்ளிரவில் ஜெல் ஓட்ட முடிகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல முடிகிறது. மராஸ்மஸ் குழந்தையின் தசை ஈரலுக்குச் செய்ததை என் இதயம் எனக்குச் செய்துகொண்டிருந்தது.

இது என் தனிப்பட்ட அலட்சியக் கதை மட்டும் இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ஒரே மாதிரி களைத்திருக்கும் நாட்டில், களைப்பே பெண்களின் இயல்பு என்று ஆகிவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு எலி இல்லை.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்த ஒரு ஆய்வு தமிழ்ப் பெண்களிடமே நடந்திருக்கிறது. 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், மலையகத் தமிழ்ப் பெண்களே பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் இடங்களில், எட்கர்ட்டன், கார்ட்னர், சேனவிரத்ன ஆகியோர் அடங்கிய குழு ரத்தசோகையை ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தன. இரும்புச் சத்து கொடுக்கப்பட்ட பெண்கள் முன்பைவிட அதிகக் கொழுந்து பறித்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது, வேலை நேரத்துக்கு வெளியிலும் அவர்களுடைய நடமாட்டம் கூடியது என்ற தகவல். வீடு திரும்பிய பிறகும் அவர்களிடம் கொஞ்சம் உயிர்ப்பு மிச்சம் இருந்தது.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில்தான் நமக்குச் சிக்கல் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லும் எல்லோரும் முதல் முடிவைத்தான் காட்டுகிறார்கள். நன்றாகத் தூங்கு, நன்றாக வேலை செய்வாய். சரியாகச் சாப்பிடு, மதிப்பெண் கூடும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்ற பழமொழியும் இதே கணக்குத்தான்: சித்திரத்துக்காகச் சுவர். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காரணத்தை மட்டும் நம்பியவர்கள் ஒரு நெருக்கடி வந்ததும் உடம்பைக் கைவிட்டுவிடுவார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்க மூன்று மாதம் இருக்கும்போது, தூங்காமல் எழுதினால் இன்னொரு அத்தியாயம் முடியும் என்று கணக்கு சொல்லும். அந்த மூன்று மாதத்துக்கு அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும். கொழுந்தின் எடை கூடாவிட்டாலும் அந்தப் பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்திருக்க வேண்டும். இதை ஒப்புக்கொள்கிறவர் தன் உடம்புக்கும் அதே நியாயத்தைத் தர வேண்டும் என்பது என் கட்சி.

தார்நாகா மெட்ரோ நிலையம் திறந்த 2017க்குப் பிறகு அங்கே இன்னொரு வகை லட்சியக்காரர்களும் குடியேறினார்கள். நீலத் தடத்தில் ஏறினால் ஹைடெக் சிட்டி வரை மாறாமல் போகலாம். காலையில் முதுகுப் பையோடு ஏறுகிறவர்களில் பலர் ராத்திரி அதே ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண்ணயர்ந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஐதராபாத்தின் ஐ.டி. ஊழியர்களைப் பற்றி என்.ஐ.என். ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேருக்கு, 46 சதவீதத்தினருக்கு, வளர்சிதை மாற்றக் கோளாறு இருந்தது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு என்ற ஐந்தில் மூன்று எல்லை மீறியிருந்தால் அந்தப் பெயர். வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற குறைந்தபட்ச அளவை எட்டியவர்கள் சுமார் 22 சதவீதம்தான். இந்த ஐந்தில் எதுவும் வலிக்காது. வருடக்கணக்கில் வலிக்காது. பழகுவதற்கு இதைவிடத் தோதான நோய் கிடையாது.

இதே காலத்தில்தான் இந்தியத் தொழில்துறையின் பெரிய மனிதர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார்கள், பிறகு 90 என்றார்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரக்காரர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு சொல்கிறது. நாங்கள் அப்படித்தான் உழைத்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்தத் தலைமுறை சொல்வதைக் கேட்கும்போது கோபாலனின் 1983ஆம் வருடக் கேள்வி நினைவுக்கு வருகிறது. பிழைத்தவர்களைக் காட்டி நலம் என்று சொல்லலாமா? அவர்கள் வீடு திரும்பியபோது சாப்பாட்டைச் சூடாக வைத்திருந்தது யார் என்றும் கேட்க வேண்டும். அந்த உழைப்பு எந்த மணிக்கணக்கிலும் ஏறவில்லை.

லட்சியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்கள் விடுதியில் இருந்தவர்களில் பாதிப்பேர் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். அவர்களுடைய ஆசை அவர்களுடையது மட்டும் இல்லை. நகையை அடகு வைத்து அனுப்பிய வீட்டின் ஆசை, அக்காவின் நின்றுபோன படிப்பின் ஆசை. அப்படிப்பட்டவரிடம் போய், நிதானமாக இரு என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. நிதானத்துக்கு விலை உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் ஆனது, நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான். தொகை கூடினாலும் மாதா மாதம் வர வேண்டுமே. பல மாதம் வராமல் கிடந்து மொத்தமாக வந்தால், இடையில் மெஸ் பாக்கி ஏறும், பழம் வாங்குவது நிற்கும், டீயும் பன்னும் சாப்பாடாகும். சோதனை முடிய ராத்திரி பத்தாகும் என்று லேபுக்குத் தெரியும்; மெஸ் ஒன்பதுக்கு மூடும். இந்த இரண்டு கடிகாரத்தையும் சேர்த்து வைக்கும் அதிகாரம் மாணவரிடம் இல்லை.

2018இல் டெரீசா இவான்ஸ் குழு 26 நாடுகளில் 2,279 பேரிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களிடம், கேட்டறிந்து எழுதிய கட்டுரையில், மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட அவர்களிடம் ஆறு மடங்குக்கு மேல் இருப்பதாக வந்தது. வழிகாட்டியோடு நல்ல உறவும், வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே இடைவெளியும் இருந்தவர்களுக்கு அது குறைவு. யோகா வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் மெஸ்ஸை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைப்பதைப் பற்றி முதலில் யோசிக்கலாம்.

எனக்குச் சிகிச்சை மிகச் சாதாரணமாக நடந்தது. இரும்பு மாத்திரை, கூடவே எலுமிச்சைச் சாறு. சாப்பிட்டதும் டீ குடிப்பதை நிறுத்தச் சொன்னார்கள். டீயிலுள்ள டானின் உணவிலிருக்கும் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று என்.ஐ.என். 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலிலும் அதே அறிவுரை இருக்கிறது. ஒன்பது மணிக்கு முன்னால் யார் ஓய்வாக இருக்கிறார்களோ அவர்கள் மற்றவர்களுடைய தட்டையும் வாங்கி மூடி வைப்பது என்று எங்கள் தளத்தில் நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். வாங்கி வைத்துவிட்டார்களே என்பதற்காகவே போய்ச் சாப்பிட்டோம்.

எங்கள் லேப் நான்காவது மாடியில். லிஃப்ட் பெரும்பாலும் ஓடாது. மாத்திரை தொடங்கி மூன்று மாதம் இருக்கும், ஒரு நாள் காலை ஏறிப் போய்க் கதவைத் திறந்த பிறகுதான் ஒன்று தோன்றியது: இன்று நான் இரண்டாவது மாடியில் நிற்கவில்லை. நான்கு வருடமாக அந்தத் திருப்பத்தில் தினமும் நின்றிருக்கிறேன். அங்கே ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. அதைப் படிப்பதற்காகத்தான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.